மிஸ்ஸியிட்டக் கேளுங்கோ: நூலைக் கழட்டிப்போட்டோ கிளினிக் போறது?

இந்த முறை வந்த கடிதங்கள் முக்காவாசியும் விசேட தேவையுள்ள பிள்ளையளைப் பற்றித்தான். வன்னியில ஒழுங்கை ஒழுங்கையா சைக்கிள் உழக்கின மிட்வைஃப் நான், இப்ப பென்சன் எடுத்தும் வாய் சும்மா இருக்குதில்லை, அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன், குறை நினைக்காதேங்கோ.

கேள்வி: மிஸ்ஸி, மகனுக்கு மூண்டே கால் வயசு, இன்னும் ஒரு சொல்லும் கதைக்கிறான் இல்லை. கிளினிக்ல ஒரு பேப்பரை வைச்சு முள்ளுக்கரண்டியால சாப்பிடுவாரோ, தனிய உடுப்புப் போடுவாரோ எண்டு கேட்டினம், எல்லாத்துக்கும் இல்லை இல்லை எண்டு சொல்லிப்போட்டு வெளிய வந்து அழுதனான். மாமி சொல்லுறா நான் வயித்தில வைச்சுக்கொண்டு கிரகணத்துக்க வெளிய வந்ததாலதானாம். பூசாரியிட்டக் கொண்டுபோய் நூலும் கட்டுவிச்சவ. அந்த நூலைக் கண்டிட்டு கிளினிக்ல ஏசினவை. அடுத்த முறை கழட்டிப்போட்டுப் போகட்டோ?
(முள்ளியவளைப் பக்கம் ஒரு அம்மா)

பதில்: கழட்டாதேங்கோ பிள்ளை. நூல் ஒருத்தருக்கும் கெடுதல் செய்யாது, ஏசினதுதான் பிழை. ஏன் எண்டு கேட்டா, ஒருக்கா ஏச்சு வாங்கின அம்மா அடுத்த முறை நூலை மட்டும் ஒளிக்கமாட்டா, வீட்டில அரைச்சுக் குடுத்த வசம்பையும் கசாயத்தையும் சேர்த்துத்தான் ஒளிப்பா, அது தெரியாம டொக்டர் மருந்து எழுதினா ஆருக்குக் கஷ்டம்? நீங்களா முந்திச் சொல்லுங்கோ, "வீட்டுப் பெரியாக்களுக்காகக் கட்டினது, அது இருக்கட்டும், நீங்கள் சொல்லுறதையும் செய்யிறம்" எண்டு. கதை வரட்டும் எண்டு வசம்பு குடுக்கிறதை மட்டும் நிப்பாட்டுங்கோ, அதில நஞ்சுத்தன்மையான சாமான் இருக்கு, குழந்தையளுக்கு வேண்டாம். கிரகணத்தால பிள்ளைக்கு ஒண்டும் வாறதில்லை. மகனுக்கு ஓட்டிசமா இருந்தாலும் அது மூளை வளர்ற விதத்தில வாறது, கனக்க பரம்பரையோட சம்பந்தப்பட்டது, நீங்கள் செய்த பிழை ஒண்டும் இல்லை. இதை மாமியையும் கூட்டிக்கொண்டுபோய் டொக்டரின்ர வாயால கேக்கப்பண்ணுங்கோ. எங்கட வீடுகளில முடிவெடுக்கிறது அம்மா மட்டும் இல்லைத்தானே, மாமிக்கு விளங்கினா உங்களுக்குப் பாதிப் பாரம் குறையும்.

இப்ப அந்தப் பேப்பர். முள்ளுக்கரண்டி எங்கட எத்தினை வீட்டில இருக்கு? அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் அம்மம்மா சோத்தைக் குழைச்சு உருண்டை பிடிச்சு ஊட்டுறதை நான் எத்தினை வீட்டுத் திண்ணையில கண்டிருக்கிறன். அப்ப "இல்லை" எண்டதில ரெண்டு வகை இருக்கு: குடுத்துப் பாத்தும் ஏலாது எண்ட இல்லை, ஒருநாளும் குடுத்தே பாக்கேல்ல எண்ட இல்லை. ரெண்டும் ஒண்டில்லை. கேக்கிற ஆக்களுக்கு அதைப் பிரிச்சுச் சொல்லுங்கோ, "கையால சாப்பிடுவானோ எண்டு கேளுங்கோ" எண்டும் சொல்லலாம், அது எதிர்த்துக் கதைக்கிறது இல்லை.

ஆனா இதைச் சாட்டா வைச்சு "எங்கட பழக்கம் அப்பிடி" எண்டு தட்டிக் கழிக்கவும் கூடாது. சில விசயம் கொழும்பிலயும் ஒண்டுதான் புதுக்குடியிருப்பிலயும் ஒண்டுதான். ஒரு வயசில பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்ப வேணும். ஒண்டரை வயசில ஒழுங்கையால லான்ட்மாஸ்டர் உழவுமெசின் போனா விரலை நீட்டிக் காட்டிப்போட்டு உங்கட முகத்தையும் பாக்கவேணும், நீங்களும் கண்டனீங்களோ எண்ட மாதிரி. ரெண்டு வயசில ரெண்டு சொல்லைச் சேர்க்கவேணும், "அம்மா தா" எண்டாலும் போதும். வந்த கதை எந்த வயசில நிண்டுபோனாலும் அண்டைக்கே காட்டவேணும். பெரியாக்களின்ர முகத்தை முழிச்சுப் பாக்காதை எண்டு நாங்கள் பிள்ளையளுக்குச் சொல்லுறனாங்கள் சரி, ஆனா பெற்ற தாயின்ர முகத்தையே பாக்காம இருக்கிறது அந்த மரியாதைக் கணக்கில வராது.

உங்கட மகனுக்கு முதல் காது ரெஸ்ட் கேளுங்கோ, கதைக்காத எந்தப் பிள்ளைக்கும் அதுதான் முதல். கிளினிக் கார்ட்டோட உங்கட பகுதி மிட்வைஃபைப் பிடிச்சா எம்ஓஎச் (பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி) மூலமா மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்புவா, அங்க இருந்து தேவைப்பட்டா யாழ்ப்பாணம், ராகம, கொழும்பு எண்டு போகும். பயிற்சி சொல்லித்தாற ஆக்கள் "ஒவ்வொரு நாளும் மேசையில இருத்தி ஒரு மணித்தியாலம் விளையாடுங்கோ" எண்டா தலையை ஆட்டிப்போட்டு வராதேங்கோ. மேசையும் இல்லை, கச்சான் பிடுங்கப் போறனான், நேரமும் இல்லை, கிணத்தடியில குளிக்க வாக்கேக்க செய்யிற மாதிரி ஒண்டு சொல்லித்தாங்கோ எண்டு கேளுங்கோ. வாளி, தண்ணி, "ஊத்து", "போதும்", "இன்னும்". எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியனுக்கு முதல் சொல் வந்ததே "இன்னும்" எண்டுதான்.

கேள்வி: மகளுக்கு ஓட்டிசம் எண்டு சொல்லியிருக்கு. ஒரே மொழியில கதையுங்கோ, இங்கிலிஷ் எண்டா நல்லம் எண்டு ஒருத்தர் சொல்லுறார். எங்களுக்கு இங்கிலிஷ் அரைகுறை. வெளி மாவட்டக் கிளினிக்ல சிங்களத்தில சொல்லுறதை பத்து வயசு மூத்த மகள்தான் எங்களுக்குச் சொல்லுறா.
(மாங்குளம், ஒரு அப்பா)

பதில்: தமிழில கதையுங்கோ. ரெண்டு மொழி கேட்டா ஓட்டிசம் கூடும் எண்டுறதுக்கு ஆதாரம் இல்லை, ஆனா அப்பா வாய்க்கு வராத பாசையில தடுமாறினா பிள்ளைக்குக் கிடைக்கிற கதையே குறைஞ்சுபோகும், தாலாட்டு, பகிடி, கொஞ்சல், ஏச்சு எல்லாம் உங்களுக்குத் தமிழிலதானே வருது. ரெண்டாவது விசயம் எனக்கு உண்மையாக் கோவம் வந்தது. பத்து வயசுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளரா வைக்கிறதை நிப்பாட்டுங்கோ, தங்கச்சிக்கு என்ன எண்டு முதல் கேக்கிற ஆளா அவள் இருக்கக்கூடாது. 1987ல வந்த 13ஆம் திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி, தமிழில விளங்கப்படுத்தச் சொல்லிக் கேக்கிறதுக்குக் கூச்சப்படாதேங்கோ. தமிழ் தெரிஞ்ச நேர்ஸ் ஒராளைக் கூப்பிடச் சொல்லுங்கோ, வீட்டில செய்யவேண்டியதைத் தமிழில எழுதியும் வாங்குங்கோ.

கேள்வி: பேத்திக்கு வலிப்பு. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைச்சு நாலு மாசமா வரேல்ல. மருந்தை நிப்பாட்டலாம்தானே? வரேக்க கையில இரும்பு குடுக்கிறனாங்கள்.
(வவுனியா, அப்பம்மா)

பதில்: அம்மா, நேர்த்தியை வடிவாச் செய்யுங்கோ, மருந்தில மட்டும் கை வைக்காதேங்கோ. திடீரெண்டு நிப்பாட்டினா முந்தினதிலும் பாக்க மோசமா வரலாம், எப்ப குறைக்கிறது எண்டு டொக்டர்தான் சொல்லவேணும். இரும்பு வேண்டாம், வாய்க்க கரண்டியோ தண்ணியோ ஒண்டும் வைக்கவேண்டாம். ஒரு பக்கமாச் சரிச்சுப் படுக்க வைச்சு மணிக்கூட்டைப் பாருங்கோ, 5 நிமிசம் தாண்டினா 1990க்கு அடியுங்கோ, அந்த அம்புலன்ஸ் காசில்லாமத்தான் வரும்.

கேள்வி: இளையவனுக்கு டவுன் சிண்ட்ரோம். மூத்த மகளுக்கு சம்பந்தம் வருது. மாப்பிள்ளை வீட்டார் வாற அண்டைக்கு இளையவனை சித்தி வீட்ட விடச்சொல்லி இவர் சொல்லுறார்.
(பெயர் வேண்டாம்)

பதில்: டவுன் சிண்ட்ரோம் எண்டது பிறக்கேக்கயே உடம்பில ஒரு நிறமூர்த்தம் (குரோமோசோம்) கூட இருக்கிறதால வாறது, பெரும்பாலும் பரம்பரையா வாறது இல்லை, மூத்த பிள்ளைக்கு அதைப்பற்றிப் பயம் இருந்தா கலியாணத்துக்கு முதல் டொக்டரிட்ட ஒருக்காக் கதைக்கலாம். மற்றது, ரெண்டு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறீங்கள், அதில மகள் என்ன சொல்லுறா எண்டு ஒரு வரியும் இல்லை. அவவைக் கேட்டு எழுதுங்கோ, பிறகு நான் சொல்லுறன்.