எம்.எல்.ஏ. லெட்டர் ஊசி போடுமா?

கேள்வி: ஜி.என்.எம். நர்சிங் முடித்துவிட்டு, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 25. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊர்ப்பக்கமே வந்துவிடலாம் என்று பார்க்கிறேன். கூடலூரிலும் ஊட்டியிலும் விசாரித்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "உள்ளே ஆள் இருக்கா?" மாமா ஒருவர் எம்.எல்.ஏ. லெட்டர் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? ஆள் பலம் இல்லாதவர்களுக்கு எமர்ஜென்சி வேலையே கிடையாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பந்தலூர்

பதில்: மாமாவுக்கு ஒரு நன்றி சொல்லி, லெட்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நேர்மை, நியாயம் என்று நான் வகுப்பெடுக்கப் போவதில்லை. அந்த லெட்டரால் உங்களுக்கு நஷ்டம், அதனால்தான்.

முதலில் அரசு வேலை. 2012-இல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் பார்த்து ஆள் எடுக்கிறது. அங்கே எந்த ஜன்னலில் லெட்டரை நீட்டுவீர்கள்? மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்த வேலைகள் வேறு மாதிரி. அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், விண்ணப்பிக்கச் சில நாள்தான் அவகாசம். 'ஆள் இருப்பவர்கள்' முந்திக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். கலெக்டர் ஆபீசில் இருக்கும் சித்தப்பா அன்று சாயங்காலமே போன் போட்டுவிடுவார். உங்களுக்கோ கடைசித் தேதி முடிந்த மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். வாரம் இரண்டு தடவை அந்த இணையதளத்தைத் திறந்து பார்த்தால், இல்லாத சித்தப்பாவின் வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

108 ஆம்புலன்ஸை ஏன் விட்டுவிட்டீர்கள்? மருத்துவ உதவியாளர் வேலைக்கு 19 முதல் 30 வயது வரை என்றுதான் வழக்கமாக அறிவிக்கிறார்கள், ஜி.என்.எம். படித்தவர்கள் வரலாம். எழுத்துத் தேர்வு, உடற்கூறு, முதலுதவி பற்றிய கேள்விகள், நேர்முகம், அப்புறம் 50 நாள் பயிற்சி. கேஷுவாலிட்டியில் இரண்டு வருடம் இருந்தவர் அந்தக் கேள்விகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 12 மணி நேர ஷிப்ட், நடுவட்டம் வழியாக இரவில் மலைப்பாதை, சம்பளமும் பிரமாதம் என்று சொல்ல முடியாது. அம்மாவைப் பார்த்துக்கொண்டு இது முடியுமா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

தனியார் மருத்துவமனைகளில்தான் 'உள்ளே ஆள் இருக்கா' என்ற கேள்வி நிஜமாகவே வேலை செய்கிறது. இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவன் ஆவேன். ஆனால் அதன் காரணத்தையும் பாருங்கள். இரவு இரண்டு மணி. பூச்சிமருந்து உள்ளே போன ஒருவரை எஸ்டேட் ஜீப்பில் கொண்டுவருகிறார்கள். வாயில் நுரை, கண்ணின் பாப்பா குண்டூசி முனையாகச் சுருங்கியிருக்கிறது. இருப்பது ஒரு டியூட்டி டாக்டர், ஒரு சிஸ்டர். டாக்டர் கேட்பதற்குள் வாயிலிருப்பதை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் குழாய் கைக்கு வர வேண்டும், மருந்து ஏற்ற நரம்பில் லைன் போட்டாக வேண்டும், விஷமுறிவு மருந்தான அட்ரோபின் ஆம்பூலை ஒன்று மாற்றி ஒன்று உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கோவைக்கு ரெஃபர் பண்ணலாம் என்றால் இடையில் மலையே இருக்கிறது. அந்த நேரத்தில் கை நடுங்காத ஆள்தானா என்பதை சர்டிபிகேட் சொல்லாது. கூட நின்று பார்த்த ஒருவர்தான் சொல்ல முடியும். அதனால்தான் தலைமை டாக்டர் விளம்பரம் கொடுப்பதற்கு முன்னால், தெரிந்த டாக்டர் நாலு பேருக்குப் போன் போடுகிறார்.

அமெரிக்காவில் இதை ஒளித்துவைக்காமல் ஒரு படிவமாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கே அவசர மருத்துவத்துக்குத் தனித்துறை அங்கீகாரம் 1979-இலேயே வந்துவிட்டது, நமக்கு 2009-இல்தான். அந்தத் துறையில் பயிற்சிக்குச் சேர விரும்பும் டாக்டர்களுக்கு 1990களிலிருந்து ஒரே மாதிரியான பரிந்துரைப் படிவம் இருக்கிறது. 'இவரை எவ்வளவு நாளாகத் தெரியும், எந்த வகையில் தெரியும்?' என்று கேட்டுவிட்டு, இதே வேலைக்கு வந்த மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எந்த இடத்தில் வருவார் என்றும் கேட்கிறது. அங்கேயும் தெரிந்தவர் தெரியாதவர் வித்தியாசம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் 'எந்த வகையில்' என்ற அந்த ஒரு கேள்வியை மாமா வாங்கித் தரும் லெட்டரிடம் கேட்டுப் பாருங்கள். 'தொகுதிக்காரர், நல்ல குடும்பம்.' இதை வைத்துக்கொண்டு அட்ரோபின் போட முடியுமா? லெட்டரோடு வருகிறவரைப் பார்த்ததும் தலைமை நர்ஸான மேட்ரனுக்குத் தோன்றும் முதல் எண்ணம், 'இந்தப் பொண்ணுக்குச் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை போல' என்பதுதான்.

உங்களுக்கோ நிறைய இருக்கிறது. இரண்டு வருடம் உங்களோடு நைட் டியூட்டி பார்த்த டாக்டர் ஒருவரும் சார்ஜ் சிஸ்டர் ஒருவரும் இருப்பார்கள் அல்லவா? அவர்கள்தான் உங்கள் ஆட்கள். அவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். 'நல்ல பெண்' என்று எழுத வேண்டாம், என்னென்ன கேஸ் பார்த்தாள், எதைத் தனியாகச் சமாளித்தாள் என்று எழுதச் சொல்லுங்கள். போன் நம்பர் கொடுக்க ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது.

பந்தலூர் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே கேஷுவாலிட்டிக்கு வருகிறவர் தமிழ் பேசுவார், மலையாளம் பேசுவார், பணியர் குடியிருப்பிலிருந்து வந்தால் அவர் மொழி வேறு. எத்தனை மணிக்குப் பாம்பு கடித்தது என்பதைப் பாட்டியிடம் அவர் பேச்சிலேயே கேட்டு வாங்குகிற நர்ஸுக்கு உள்ளூரில் ஒரு மதிப்பு உண்டு. 1990-இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பழங்குடிப் பெண்களையே நர்ஸுகளாகப் பயிற்றுவித்தது. அவர்களுக்கு யாரைத் தெரியும்? நோயாளியைத் தெரியும்.

மருத்துவமனை நடத்துகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. தெரிந்த நாலு பேருக்குப் போன் போட்டால், அவர்கள் படித்த காலேஜ், அவர்கள் சாதி, அவர்கள் சர்ச் என்று அந்த வட்டத்துக்குள்ளேயேதான் ஆள் கிடைக்கும். அதற்கு வெளியே கை நடுங்காத ஒருத்தி இருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. போனைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. விளம்பரமும் கொடுத்து, வருகிறவரை ஒரு ஷிப்ட் கேஷுவாலிட்டியில் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் போடுங்கள்.

வாசகிக்கு இன்னொன்று. சில தனியார் இடங்களில் வேலைக்குச் சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உங்களுடையவை உங்கள் கையில்தானே இருக்கின்றன? இல்லையென்றால் ராஜினாமாவைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னால், பேங்க் லோனுக்கு வேண்டும் என்றாவது சொல்லி அவற்றை வாங்கிவிடுங்கள்.