இருமல் மருந்து குடித்தவருக்கு, வேலைக்கு முந்தைய போதைப்பொருள் பரிசோதனையில் பாசிட்டிவ் வருமா?

வேலை உறுதியாகிவிட்டது, சேருமுன் சிறுநீர்ப் பரிசோதனை கேட்டிருக்கிறார்கள், மருத்துவர் எழுதிக்கொடுத்த கோடீன் கலந்த இருமல் மருந்தை இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறேன், இதனால் வேலை போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வகத்தில் இத்தகைய மாதிரிகளைப் பல ஆண்டுகள் கையாண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல்நிலைச் சோதனையில் பாசிட்டிவ் வரலாம். ஆனால், அந்த முதல்நிலை முடிவை மட்டும் வைத்து உங்களைப் போதைப்பொருள் பயன்படுத்துபவர் என்று எவரும் முடிவு கட்டக் கூடாது.

இந்தச் சோதனைகளுக்கு இன்று பரவலாகப் பின்பற்றப்படும் வடிவம் அமெரிக்காவில் உருவானது. 1986இல் அதிபர் ரொனால்ட் ரீகன் மத்திய அரசு ஊழியர்களுக்காகப் பிறப்பித்த ஆணையும், 1988இல் வெளியான ஆய்வக வழிகாட்டு நெறிகளும் அதற்கு அடித்தளம். கஞ்சா, கொக்கெயின், ஓபியம் (அபின்) சார்ந்தவை, ஊக்கப் போதைப்பொருளான ஆம்ஃபெட்டமைன், மாயத்தோற்றம் உண்டாக்கும் ஃபென்சைக்ளிடின் ஆகிய ஐந்து வகைகளைத் தேடுவதே அதன் அடிப்படைப் பட்டியல். நிறுவனங்கள் தேவைக்கேற்ப இதனுடன் வேறு சிலவற்றையும் சேர்த்துக்கொள்கின்றன.

முதல்நிலைச் சோதனை, குறிப்பிட்ட பொருள்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான எதிர்ப்பொருள்களைக் கொண்டு செய்யப்படுவது. எதிர்ப்பொருள் ஒரு மூலக்கூறின் பொதுவான உருவத்தைப் பார்த்துப் பற்றிக்கொள்ளுமே தவிர, அது இன்ன வேதிப்பொருள்தான் என்று துல்லியமாகச் சொல்லாது. அதனால்தான் சளிக்கும் மூக்கடைப்புக்கும் கொடுக்கப்படும் சூடோஎஃபெட்ரின் ஆம்ஃபெட்டமைனைப் போலத் தோன்றுவதும், இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் ஃபென்சைக்ளிடினைப் போலத் தோன்றுவதும் நேர்கின்றன. உங்கள் நிலை இவற்றிலிருந்து சற்று வேறுபட்டது. கோடீன் உண்மையிலேயே ஓபியம் குடும்பத்தைச் சேர்ந்தது. உடலுக்குள் அதன் ஒரு பகுதி மார்ஃபினாகவும் மாறுகிறது. ஆகவே சோதனை உங்களிடம் காண்பது பிழையன்று. அது எங்கிருந்து வந்தது என்பதே அங்கு எழும் கேள்வி.

சிறுநீர் பட்டதும் கோடுகள் காட்டும் அட்டையில் செய்யப்படும் முதல்நிலைச் சோதனையான பட்டைச் சோதனையைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஒரு நிறுவனத்தின் மேற்பார்வையாளர், தாமே செய்த சோதனையின் அட்டையையும் மாதிரியையும் ஒருநாள் காலையில் எங்களிடம் கொண்டுவந்தார். அட்டை சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு அடர்த்தியாகவும், முடிவைக் காட்டும் சோதனைக் கோடு பென்சிலால் லேசாக இழுத்ததுபோல மங்கலாகவும் இருந்தன. “கோடு தெரிகிறதே, பாசிட்டிவ்தானே?” என்று கேட்டார். கர்ப்பப் பரிசோதனையில் கோடு தோன்றினால் ஆம் என்று பொருள். இவ்வகை அட்டையிலோ சோதனைக் கோடு தோன்றினால் இல்லை என்று பொருள். தேடப்படும் போதைப்பொருள் சிறுநீரில் இருந்தால்தான் அது எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தோன்றவிடாமல் செய்யும். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான், முடிவு நெகட்டிவ்தான். அந்த ஊழியர் அதற்குள் நான்கு நாட்கள் வேலையின்றி வீட்டில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். அவருடைய மாதிரியை முறையாகச் சோதித்தபோதும் எதுவும் இல்லை. அந்த நான்கு நாட்களில் அவர் குடும்பம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை இன்றும் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

முதல்நிலையில் பாசிட்டிவ் வந்த மாதிரி, முறைப்படி, நிறை நிறமாலைக் கருவியில் உறுதிப்படுத்தப்பட வேண்டும். அது மூலக்கூறை உடைத்து, துண்டுகளின் நிறையைக் கொண்டு அடையாளம் காண்பதால் சூடோஎஃபெட்ரினையும் ஆம்ஃபெட்டமைனையும் தெளிவாகப் பிரித்துவிடும். இரண்டு நிலைகளுக்கும் தனித்தனி வரம்பளவுகள், அதாவது எட்டினால் மட்டுமே பாசிட்டிவ் என்று கொள்ளப்படும் அளவுகள், உண்டு. அமெரிக்க மத்திய அரசு விதிகளின்படி கஞ்சாவுக்கு முதல்நிலையில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், உறுதிப்படுத்துவதில் 15 நானோகிராம். இரண்டாவது எண் ஏன் குறைவு என்று பலர் குழம்புகிறார்கள். முதல் சோதனை கஞ்சாவிலிருந்து உண்டாகும் பல பொருள்களையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டுகிறது. இரண்டாவது அவற்றில் ஒன்றை மட்டும் அளக்கிறது. வரம்பளவு என்பது அனுபவத்தால் திருத்தப்படுவதும்கூட: ஓபியச் செடியின் விதையான கசகசாவைச் சாப்பிட்டவர்களுக்கும் பாசிட்டிவ் வந்ததால், ஓபியம் சார்ந்தவற்றுக்கு இருந்த 300 நானோகிராம் வரம்பை 1998இல் அங்கே 2000ஆக உயர்த்தினார்கள். ஹெராயின் பயன்படுத்தியவரின் சிறுநீரில் மட்டும் காணப்படும் 6-அசிட்டைல்மார்ஃபின் என்ற பொருளைத் தனியே தேடுவதற்கும் இதே அக்கறைதான் காரணம். கோடீன் குடித்தவரிடம் அது இராது.

இதற்கும் பிறகு ஒரு மருத்துவர் இருக்க வேண்டும். முறையான ஏற்பாட்டில், உறுதியான முடிவு நிறுவனத்துக்குப் போகுமுன் மருத்துவ மீளாய்வு அலுவலர் உங்களை அழைத்துப் பேசுவார். மருந்துச் சீட்டைப் பார்த்து, அது பொருந்தினால், நெகட்டிவ் என்றே அறிவிப்பார். நீங்கள் சீட்டைக் காட்ட வேண்டியது அவரிடம்தான். உங்கள் நோய் விவரம் மனிதவளப் பிரிவின் மேசைக்குப் போக வேண்டிய தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. மாதிரியை இரண்டு குப்பிகளாகப் பிரித்து முத்திரையிடும் முறையும் அமெரிக்க மத்திய அரசு விதிகளில் உண்டு: ஒன்றில் 30 மில்லிலிட்டர், மற்றதில் 15. முடிவில் ஐயம் இருந்தால் தகவல் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் இரண்டாவது குப்பியை வேறோர் ஆய்வகத்தில் சோதிக்கும்படி கேட்கலாம்.

இந்தச் சோதனை ஒருவர் இப்போது போதையில் இருக்கிறாரா என்பதைச் சொல்லாது என்பதையும் நிறுவனங்கள் உணர வேண்டும். சிறுநீரில் தெரிவது உடல் ஏற்கெனவே சிதைத்து வெளியேற்றுகிற எச்சம். கஞ்சாவின் எச்சம் கொழுப்பில் தங்கி மெல்ல வெளியேறுவதால், தொடர்ந்து பயன்படுத்தியவரிடம் நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் தெரியலாம். கொக்கெயினின் எச்சமோ பெரும்பாலும் சில நாட்களில் மறைந்துவிடும்.

பதற்றத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகாதீர்கள். சிறுநீரில் இயல்பாக இருக்கும் கழிவுப்பொருளான கிரியேட்டினினின் அளவு ஒரு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மாதிரி நீர்த்துப்போனதாகக் குறிக்கப்படலாம். எந்தத் தவறும் செய்யாத நீங்கள் மறுபடியும் வரிசையில் நிற்க நேரும். மருந்தையும் சோதனைக்காக நீங்களாகவே நிறுத்த வேண்டாம். சீட்டின் நகலையும் மருந்துப் புட்டியையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, பாசிட்டிவ் வந்தால் உறுதிப்படுத்தும் சோதனை உண்டா, முடிவை மீளாய்வு செய்பவர் மருத்துவரா என்ற இரண்டு கேள்விகளையும் இன்றே மின்னஞ்சலில் நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.