வால்நட்சத்திரம் நட்சத்திரக் கொத்துக்கு அருகே வரும்போது இரண்டையும் ஒரே படத்தில் தெளிவாக எடுப்பது எப்படி?

டிராக்கர் (வானம் நகர்வதற்கேற்பக் கேமராவைத் திருப்பும் கருவி) வைத்து எடுத்தும், பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கியதும் வால்நட்சத்திரம் இழுபட்டுப் போகிறது, அதைச் சரிசெய்தால் கொத்து கோடுகளாகிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். டிராக்கரில் கோளாறு இல்லை. அது பூமியின் சுழற்சியை மட்டும்தான் ஈடுகட்டுகிறது. வால்நட்சத்திரமோ நட்சத்திரங்களுக்கு நடுவே தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் அன்றைய இரவு அதன் வேகம் என்ன என்பதுதான் முதல் கேள்வி.

2018 டிசம்பர் நடுவில் 46பி விர்டானன் என்ற வால்நட்சத்திரம் கார்த்திகைக் கொத்துக்கும் ரோகிணி நட்சத்திரத்துக்கும் இடையே போனது. பூமியிலிருந்து சுமார் 1.16 கோடி கிலோமீட்டர்தான், எனவே நல்ல வேகம்: மணிக்கு முழு நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. 200 மிமீ லென்ஸ், 4 மைக்ரான் பிக்சல் என்றால் நிமிடத்துக்கு இரண்டரை பிக்சல் நகரும். அப்போது ஒரு படத்துக்கு 30 வினாடிக்கு மேல் போகக் கூடாது. தொலைவில் மெதுவாக நகர்வதற்கு 2 நிமிடம்கூடத் தாங்கும்.

அடுக்குவதை இரண்டு தடவை செய்ய வேண்டும். ஒரு தடவை நட்சத்திரங்களை வைத்து, இன்னொரு தடவை வால்நட்சத்திரத்தின் கருவை வைத்து. படங்களை அடுக்கும் மென்பொருளான டீப்ஸ்கை ஸ்டாக்கரில் இதற்கென்றே தனி முறை உண்டு; சிரில் என்ற இன்னொரு மென்பொருளில் முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் கருவைக் குறித்துக் கொடுத்தால் போதும். சிக்கல் வருவது கார்த்திகை மாதிரி பிரகாசமான கொத்துகளில். கருவை வைத்து அடுக்கும்போது அந்த நட்சத்திரங்கள் லேசில் அழியாது, திட்டுத் திட்டாகக் கோடு விட்டுப் போகும். ஒவ்வொரு படத்திலும் ஸ்டார்நெட் என்ற மென்பொருள் கொண்டு நட்சத்திரங்களை நீக்கிவிட்டு அப்புறம் அடுக்குவது எனக்குத் தெரிந்து நல்ல வழி. நேரத்தையும் தாராளமாகக் கொடுங்கள். வால்நட்சத்திரம் தன் தலையின் அகலத்துக்காவது நகர்ந்திருந்தால்தான் நட்சத்திர அடுக்கிலிருந்து அதன் தடத்தை மென்பொருளால் சுத்தமாக எடுக்க முடியும்.

கடைசியில் இரண்டையும் சேர்க்கும்போது, நடுப்படத்தில் வால்நட்சத்திரம் எங்கே இருந்ததோ அங்கேயே வையுங்கள். அழகுக்காகக் கொத்தின் பக்கம் நகர்த்தினால் வானத்தில் நடக்காத ஒன்றைக் காட்டுகிறோம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

மிக நெருங்கும் இரவுதான் சிறந்த இரவு என்றும் நினைக்காதீர்கள். வாயு வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும், அது கொத்தை நோக்கி விழும் இரவு எது என்று பாருங்கள். 2015 ஜனவரியில் லவ்ஜாய் வால்நட்சத்திரத்தின் தலை கார்த்திகையிலிருந்து பல பாகை தள்ளியே இருந்தது, ஆனால் வால் அந்தப் பக்கம் நீண்டதால் அருமையான படங்கள் கிடைத்தன. கார்த்திகையின் அகலம் 2 பாகைதான், வாலுக்கு அதைவிட நிறைய இடம் வேண்டும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 135 மிமீ லென்ஸ் சுமார் 15க்கு 10 பாகை கொடுக்கும். என் தேர்வு அதுதான்.

நிலவில்லாத நேரம் வேண்டும் என்பது தெரிந்ததே.

இன்னொன்று, நிறம். தலையின் பச்சை இரட்டைக் கார்பன் மூலக்கூறுகளிலிருந்து வரும் உண்மையான நிறம். வான்படங்களில் பச்சை இரைச்சலை நீக்கும் கருவியைப் பழக்கத்தில் எல்லோரும் தட்டிவிடுகிறார்கள், அதோடு தலையும் வெளிறிவிடும். அந்தக் கருவியை நட்சத்திர அடுக்கில் மட்டும் பயன்படுத்துங்கள்.