ரேணிகுண்டா டு கடப்பா: பறந்தால் எவ்வளவு நேரம்?

திருப்பதியிலிருந்து கடப்பாவுக்கு விமானத்தில் 10 நிமிடம்தான் என்று இணையத்தில் பார்த்தேன். உண்மையா? (நகரி வாசகர்)

இல்லைங்க. ரேணிகுண்டாவில் இருக்கும் திருப்பதி விமான நிலையத்திலிருந்து கடப்பா விமான நிலையத்துக்கு நூல் பிடித்தாற்போல் கோடு போட்டால் சுமார் 130 கி.மீ. அதை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 10 நிமிடம் வரும். ஏறுவது, இறங்குவது எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

இந்த மாதிரி ஊர்களுக்குப் பெரும்பாலும் ஏடிஆர் 72 ரக விமானம்தான் வரும். இறக்கைக்கு ஒன்றாக, விசிறி சுழலும் இரண்டு இன்ஜின், வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவில். ஓடுதளம் வரை ஊர்ந்து போய், சேஷாசலம் மலைக்கு மேலே உயரம் பிடித்து, திரும்பி இறங்கி நிற்பதற்குள் நேரடி விமானத்திலேயே 40 நிமிடமாவது ஆகும்.

டிக்கெட் தேடும்போது ஹைதராபாத் வழி என்று காட்டினால் தயவுசெய்து எடுக்காதீர்கள். அங்கே போக 415 கி.மீ., திரும்பிக் கடப்பாவுக்கு 300 கி.மீ. பக்கத்து ஊருக்கு 700 கி.மீ. சுற்ற வேண்டுமா? கோடூர், ராஜம்பேட்டை வழியாக ரயில் இருக்கிறது. நகரிக்காரர்கள் ரேணிகுண்டாவில் ஏறிக்கொள்ளலாம். நான் ரயிலைத்தான் சொல்வேன்.

திருப்பதி–கடப்பா வான்வழித் தூரம் ஒரு இணையதளத்தில் 130, இன்னொன்றில் 70 என்று இருக்கிறது. எது சரி? (புத்தூர்)

இரண்டும் சரி. 70 என்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

கடப்பாவுக்கு விமானம் ஒழுங்காக வருமா? (சித்தூர்)

2015-இல் திறந்த நிலையம். 2017 ஏப்ரல் 27-இல் சிறிய ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் முதல் விமானங்கள் பறந்த அன்றே கடப்பா–ஹைதராபாத் சேவையும் தொடங்கியது. ஆனால் சிறிய ஊர்ச் சேவைகள் நின்று நின்று வருபவை. கல்யாணம், நேர்முகத் தேர்வு மாதிரி தேதி மாறாத காரியம் என்றால், அன்றைக்கு விமானம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்ற ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

ஹைதராபாத் போகச் சென்னையா, திருப்பதியா? (சத்தியவேடு)

சென்னையிலிருந்து வான்வழி சுமார் 505 கி.மீ. திருப்பதியைவிட 90 கி.மீ. கூடுதல். பறக்கும்போது அது கால் மணி நேரம்கூட இல்லை. அதனால் வீட்டிலிருந்து எந்த நிலையத்துக்குச் சீக்கிரம் போகலாம் என்று பாருங்கள். சென்னையில் ஒரு விமானம் போனாலும் அடுத்தது இருக்கும். திருப்பதியில் அப்படி இல்லை, தவறினால் பாதி நாள் போய்விடும். செக்-இன் கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

எண்பது வயது அம்மாவை ஏடிஆரில் கூட்டிப் போகலாமா? (திருத்தணி)

தாராளமாக. பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம், அதனால் பின் வரிசை இருக்கை கேளுங்கள், நடை குறையும். சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். மேலே பெட்டி வைக்கும் இடம் குறுகல். மருந்துப் பையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதை கவுண்டரில் போட்டுவிடுங்கள்.