மரை வெட்டத்தான் போகிறாளாம்

அம்மா, மன்னார்குடியிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. கூடப் படிக்கும் எல்லோரும் ஐ.டி. தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்க, அவள் மட்டும் எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டும் மரையைப் பற்றித்தான் மேற்கொண்டு படிப்பேன் என்கிறாள். அதிலும் ‘ஆப்பு மரை’ என்று ஏதோ ஒன்று. “மரை வெட்டுறதுக்கா நாலு வருஷம் ஃபீஸ் கட்டுறோம்? லேத்துப் பட்டறையில விட்டிருந்தா ஆறு மாசத்துல கத்துக்கிட்டிருப்பாளே” என்கிறார் உங்கள் வீட்டுக்காரர். வாழ்க்கைக்கே ஆப்பு வைத்துக்கொள்கிறாள் என்று ஒரு சிலேடை வேறு. கோபத்திலும் சிலேடை வருகிற மனிதரோடு பேசிப் பார்க்கலாம், பயமில்லை.

பட்டறை பற்றி அவர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் பெண் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். புரியாமல் சம்மதம் சொன்னாலும் தப்பு, மறுத்தாலும் தப்பு.

உங்கள் வீட்டு மோட்டாரில் இரும்புக் குழாய் மாட்டும்போது ப்ளம்பர் வெள்ளை டேப் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். டேப் வருவதற்கு முன் சணல் நாரைச் சுற்றிப் பெயின்ட் தடவினார்கள். அந்தக் குழாயின் நுனி நேராக இருக்காது, லேசாகச் சரிந்திருக்கும். 16 மில்லிமீட்டர் உள்ளே போனால் விட்டம் 1 மில்லிமீட்டர் கூடும். அரை அங்குலக் குழாயில் ஒரு அங்குலத்துக்கு 14 மரை. கணக்குப் போட்டால், ஒரு சுற்று சுற்றும்போது விட்டத்தில் சுமார் 0.11 மில்லிமீட்டர் நெருக்கம் ஏறுகிறது. அந்த நெருக்கம்தான் பிடிப்பு. ஆனால் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு மரையின் பல் இன்னொன்றின் பள்ளத்தை முழுதாக நிரப்புவதில்லை. பல்லின் உச்சிக்கும் பள்ளத்தின் அடிக்கும் நடுவே தலைமயிர் கனத்தில் ஒரு சந்து, மரை சுற்றுகிற வழியெல்லாம் சுற்றிக்கொண்டே வெளியே வருகிறது. டேப்பும் சணலும் அடைப்பது அந்தச் சந்தைத்தான்.

எண்ணெய்க் கிணற்றில் இறங்கும் குழாயிலும் இதே கதைதான். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏ.பி.ஐ.) பழைய வட்ட மரையில் அங்குலத்துக்கு 8 மரை, சரிவு அதே பதினாறுக்கு ஒன்று. அங்கே டேப்புக்குப் பதில் ஒரு கிரீஸ். ஈயம், துத்தநாகம், செம்பு, கிராஃபைட் தூள்கள் கலந்தது. அவர்கள் அதை ‘டோப்’ என்பார்கள். எண்ணெயும் தண்ணீரும் மிதமான அழுத்தத்தில் போகிறவரை இது போதும். அழுத்தம் மிகுந்த வாயு வந்தால், கூடவே சூடும் சேர்ந்தால், கிரீஸ் நாளடைவில் காய்ந்து சுருங்கும், வாயு அந்தச் சந்தில் சுற்றிச் சுற்றி வெளியேறிவிடும். ஒரு குழாய் ஏறக்குறைய 12 மீட்டர். 3,000 மீட்டர் ஆழக் கிணற்றில் இப்படி 250 இணைப்பு. இருநூற்று நாற்பத்தொன்பது நன்றாக இருந்து ஒன்று கசிந்தாலும் அது கசிகிற கிணறுதான்.

இப்போது ஆப்புக்கு வருவோம். மண்வெட்டிக்குக் காம்பு மாட்டி ஆப்பு அடிப்பதை நீங்கள் தினம் பார்த்த ஊர். சாதாரண மரையில் பல்லின் அகலம் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றே. ஆப்பு மரையில் நுனியில் பல் ஒல்லியாகத் தொடங்கி, போகப் போக அகலமாகிறது. எதிர்ப்பக்கப் பள்ளமும் அதற்கேற்ப மாறுகிறது. மாட்டும்போது முதலில் தாராளமாக இடம் இருக்கும். சுற்றச் சுற்ற ஒவ்வொரு பல்லும் தன் பள்ளத்தை நிரப்பிக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறுகி நிற்கும். பல்லின் வடிவம் தச்சர் போடும் புறாவால் மூட்டைப் போல அடி குறுகி மேல் விரிந்திருக்கும். அதனால் இழுத்தாலும் வளைத்தாலும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாது. மற்ற உயர்ரக இணைப்புகளில் ‘இதற்கு மேல் போகாதே’ என்று தடுக்க ஒரு தோள், அதாவது முட்டி நிற்கும் ஒரு படி தேவை. இதில் மரை முழுவதுமே அந்த வேலையைச் செய்கிறது. பக்கவாட்டில் நீளும் கிணறுகளில் குழாயைச் சுழற்றிக்கொண்டே இறக்க வேண்டியிருக்கும், அங்கே இந்த முறுக்குத் தாங்கும் பலம்தான் பேசும்.

இதை வளர்த்தெடுத்தது அமெரிக்காவின் ஹைட்ரில் நிறுவனம். ப்ளோஸ் என்பவரின் பெயரில் 1981-ல் மறுபடி வழங்கப்பட்ட 30,647 எண் பேடன்ட்டை (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை), பின்னால் வந்தவர்கள் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2007-ல் ஹைட்ரிலை டெனாரிஸ் என்ற குழாய் நிறுவனம் வாங்கியது. உங்கள் பெண் இணையத்தில் பார்த்து மயங்கியது அவர்களுடைய படங்களாகத்தான் இருக்கும்.

சரி, இவ்வளவு கண்டுபிடித்தாகிவிட்டதே, இனி அவளுக்கு என்ன வேலை மிச்சம் என்று கேட்பீர்கள்.

நான் இந்த ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன் ஆறு ஆண்டு ஒரு வால்வுத் தொழிற்சாலையில் இருந்தேன். ஒரு முறை வார்ப்பிரும்பு வால்வுகள் தண்ணீர்ச் சோதனையில் வரிசையாகக் கசிந்தன. மரை சரியில்லை என்று லேத்துக்காரர் மேல் பழி போட்டோம். கேஜ் வைத்துப் பார்த்தால் மரை சுத்தமாக இருந்தது. கடைசியில் பிடிபட்டது டேப். அது மரையை வழுவழுப்பாக்கியதால் ரெஞ்சு பிடித்தவர் கைக்கு இறுக்கமே தெரியவில்லை. இன்னும் போகிறதே என்று ஒன்றரைச் சுற்று கூடுதலாகச் சுற்றியிருக்கிறார். சரிவுள்ள குழாய் ஆப்பாக இறங்கி வால்வின் வாயைப் பிளந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கீறல். லேத்துக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டது அடுத்த மாதம்தான், அது இன்றுவரை உறுத்துகிறது.

ஆப்பு மரையில் இதற்கு நேர்மாறான ஏமாற்று நடக்கும். பற்கள் பள்ளத்தை நிரப்பும்போது உள்ளே இருக்கும் கிரீஸ் போக வழியில்லாமல் சிக்கிக்கொள்கிறது. அதன் அழுத்தமே எதிர்த்து நிற்பதால் முறுக்குமானி ‘இறுகிவிட்டது’ என்று காட்டும். குழாய் கிணற்றுக்குள் போய்ச் சூடேறியதும் கிரீஸ் மெல்ல ஒழுகி வெளியேறும். அப்போது இணைப்பு தளர்ந்து நிற்கும். மேலே இருந்தவர் எழுதிவைத்த எண் சரி, உள்ளே இருப்பது தவறு. இதற்காகவே கிரீஸ் ஒதுங்க எங்கே எவ்வளவு இடம் விடுவது என்று வடிவமைப்பாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இடம் அதிகம் விட்டால் அதுவே கசிவுக்கு வழி. குறைத்தால் பொய் முறுக்கு. உலோகத்தோடு உலோகத்தை அழுத்தி அடைக்கும் வளையம் ஒன்றையும் சேர்க்கலாம், ஆனால் அந்த இடத்தில் அழுத்தம் கூடிவிட்டால் இரண்டு பரப்பும் கடித்துப் பிய்த்துக்கொள்ளும். 13 சதவீதக் குரோமியம் உள்ள எஃகில் இந்தத் தொல்லை அதிகம், அதனால் மரைக்குச் செம்புப் பூச்சுக்கூடக் கொடுக்கிறார்கள். சரிவு, பல்லின் கோணம், பூச்சு, கிரீஸ், இயந்திரத்தின் துல்லியம் எல்லாம் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். ஒன்றை மாற்றினால் நான்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். அவளுக்கு மிச்சம் இருக்கும் வேலை இதுதான்.

வரைந்ததைக் கணினியில் அழுத்திப் பார்த்து, பிறகு நிஜக் குழாயில் வெட்டி, ஐ.எஸ்.ஓ. 13679, ஏ.பி.ஐ. 5சி5 என்ற முறைகளின்படி சோதிப்பார்கள். மாட்டிக் கழற்றி, இழுத்து, அமுக்கி, வளைத்து, உள்ளே வாயு அடைத்து, சூடாக்கி ஆறவிட்டு. நான்கு நிலைகளில் நான்காவது மிகக் கடுமையானது. பல மாதம் உழைத்த வடிவம் ஒரு மத்தியானம் சோதனையில் தோற்றுவிடலாம். அந்த ஏமாற்றத்தைத் தாங்கும் மனம் அவளுக்கு உண்டா என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள்.

அப்புறம், உங்கள் மூன்று பயங்கள்.

பெண் பிள்ளை கடலுக்கு நடுவே ரிக்கில், கிணறு தோண்டும் மேடையில், கிடக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வடிவமைப்பாளருக்கு மேசையும் சோதனைக்கூடமும்தான் இடம். முதல் முறை குழாய் இறக்கும்போது சில நாள் போய் வர வேண்டியிருக்கலாம், போவதே நல்லது.

நம் டெல்டாவில் கிணறு வேண்டாம் என்று போராடியவர் மகளே அதற்குக் குழாய் செய்வதா என்ற கேள்வி, உங்கள் வீட்டுக்காரரின் உண்மையான வலி என்று நினைக்கிறேன். 2017-ல் கதிராமங்கலத்தில் வயலில் எண்ணெய் கசிந்ததை அவர் மறந்திருக்க மாட்டார். அது நிலத்துக்கடியில் எண்ணெய் கொண்டுபோகும் குழாய். இவள் படிக்க விரும்புவது கிணற்றுக்குள் இறங்கும் குழாய், இரண்டும் வேறு. ஆனாலும் அவர் கேள்வி போய்விடாது, அதை மழுப்பவும் மாட்டேன். 2020 சட்டத்தின்படி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், புதிய எண்ணெய்க் கிணறுகளுக்கு அங்கே இடமில்லை. ஆக ஊரிலேயே வேலை என்ற கணக்கும் வேண்டாம். இதை அப்பாவும் மகளும் உட்கார்ந்து பேசித் தீர்க்கட்டும், ஆலோசகர் நடுவில் வரக் கூடாது.

மூன்றாவது, எண்ணெயே இருக்குமா என்பது. இதில் நான் கண்டிப்பானவன். 2014 நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல், 2016 ஜனவரியில் முப்பதுக்குக் கீழ். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கியது. விலை விழும் ஒவ்வொரு முறையும் இந்தத் துறையில் ஆட்குறைப்பு நடக்கும். ஆகவே பெட்ரோலியப் பொறியியலில் எம்.டெக். வேண்டாம். மெக்கானிக்கலிலேயே நிற்கட்டும். எம்.டெக். படித்தால் இயந்திர வடிவமைப்பு, உராய்வியல் பக்கம் போகட்டும். அவளுடைய தொழில் எண்ணெய் என்று சொல்லிக்கொள்ளாமல், இரண்டு உலோகம் தொடும் இடம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். ஐஸ்லாந்தில் பூமியின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் கிணறுகளில் இதே குழாய் இணைப்புதான் தலைவலி. ஆயிரம் மீட்டர் எஃகுக் குழாய் 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் மூன்றரை மீட்டர் நீளப் பார்க்கும். சுற்றிலும் சிமென்ட் பிடித்திருப்பதால் நீள முடியாது. நசுங்கும், ஆறும்போது இழுபட்டு இணைப்பில் பிய்யும். கரியமில வாயுவை நிலத்தடியில் அடைக்கும் திட்டங்கள் (நார்வேயின் ஸ்லைப்னரில் 1996 முதல் நடக்கிறது), ஹைட்ரஜன் குழாய்கள், வால்வு, ஹைட்ராலிக்ஸ் எல்லாவற்றிலும் கசியாத மூட்டுதான் கேள்வி.

வேலை எங்கே? இந்தியாவில் எண்ணெய்க் கிணற்றுக் குழாய்க்கு மரை வெட்டும் ஆலைகள் பல மேற்கில் இருக்கின்றன. நாசிக்கில் ஜிண்டால் சாவும் பிரிட்டனின் ஹன்டிங்கும் சேர்ந்து ஓர் ஆலை நடத்துகின்றன. ராய்கட் பக்கம் மகாராஷ்டிரா சீம்லெஸ் இருக்கிறது. எண்ணெய்க் கருவி நிறுவனங்களின் வடிவமைப்பு அலுவலகங்கள் புனேயிலும் பெங்களூரிலும் உண்டு. புதிய இணைப்பையே உருவாக்கும் ஆராய்ச்சிக்கூடங்கள் பெரும்பாலும் வெளிநாட்டில், அங்கே முனைவர் பட்டக்காரர்களோடு போட்டி. தொடக்கச் சம்பளம் ஐ.டி.க்குப் போகும் தோழிகளைவிடக் குறைவாக இருந்தால் வீட்டில் சொல்லிக்காட்டாதீர்கள். இங்கே மதிப்பு மெதுவாக ஏறும், ஏழெட்டு வருடம் கழித்து இந்த வேலை தெரிந்தவரைத் தேடி வருவார்கள். ஒருவேளை வடிவமைப்பு பிடிக்காமல் போனாலும், பேடன்ட் படிக்கத் தெரிந்த இன்ஜினியர் இந்தியாவில் பேடன்ட் ஏஜென்ட் தேர்வு எழுதலாம். அது அதிகம் பேர் போகாத பாதை.

இனி உங்கள் வீட்டுக்காரர் சொன்ன அந்தப் பாதி. பட்டறை. கையில் மரை பிடிக்காதவர் வரையும் மரையைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். வெட்ட முடியாத மூலை, அளக்க முடியாத அளவு, எட்டாத இடத்தில் துல்லியம். மூன்றாம் ஆண்டு விடுமுறையில் சர்ட்டிஃபிகேட் கோர்ஸ் எதற்கும் பணம் கட்டாதீர்கள். வடிவத்தைக் கணினியில் அழுத்திப் பார்க்கும் ஆன்சிஸ் மென்பொருளின் மாணவர் பதிப்பு இலவசம். பேடன்ட்டுகளைக் கூகுளில் இலவசமாகப் படிக்கலாம், வாரம் ஒன்று படித்து அரைப்பக்கம் தமிழிலேயே எழுதட்டும்.

அவர் சொன்னபடியே ஒரு லேத்துப் பட்டறையில் அவளைக் கொண்டுபோய் ஒரு மாதம் விடுங்கள். அவரே கூட்டிப் போகட்டும். அரை அங்குலக் குழாயில் சரிவு மரை வெட்டி, ரிங் கேஜ் வைத்து அளந்து, டேப்பும் இல்லாமல் கிரீஸும் இல்லாமல் சாக்கெட்டில் மாட்டட்டும். ஒரு முனையை அடைத்துவிட்டு சைக்கிள் பம்பால் காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கிப் பார்க்கட்டும். குமிழி வரும். எத்தனையாவது சுற்றில் குறைந்தது, எந்த இடத்தில் கடைசிவரை நிற்கவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி, அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எம்.டெக்.கா, நேரே வேலையா என்பதை அதைப் பார்த்துவிட்டு அவளிடமே பேசுகிறேன்.