டர்போ வண்டிக்கு எந்த ஆக்ஸிஜன் சென்சார்?

நண்பரே, ஃபுல் பூஸ்ட்டில் (டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் தள்ளும்போது) உங்கள் பழைய நாலு வயர் சென்சார் 0.9 வோல்ட்டிலேயே நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள்; அது கோளாறு இல்லை. அது நாரோபேண்ட் வகை. கலவை, லாம்டா 1-க்கு (எரிபொருள் முழுதும் எரியச் சரியான காற்று அளவு; அதற்குக் கீழே என்றால் எரிபொருள் அதிகம்) எந்தப் பக்கம் என்று மட்டும்தான் சொல்லும். 0.80-ஆ, 0.90-ஆ என்பது அதற்குத் தெரியாது. பிஸ்டன் தப்புவது அந்த இடைவெளியில்தான். தயவுசெய்து அதை நம்பி ட்யூன் செய்யாதீர்கள்.

பாஷ் எல்எஸ்யூ 4.9 வைட்பேண்ட் (லாம்டா எவ்வளவு என்றே அளந்து சொல்லும் சென்சார்) வாங்குங்கள். பழைய 4.2 வெளிக்காற்றை ஒப்பீடாக எடுக்கும். அந்தக் காற்று கெட்டால் ரீடிங் நகரும். இரண்டுக்கும் கனெக்டரே வேறு, அதனால் சென்சாரை இயக்கும் கன்ட்ரோலர் 4.9-க்கானதா என்று முதலில் பாருங்கள். உங்கள் நாலு வயர் சென்சாரைக் கழற்றாதீர்கள், இசியு-வுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டருக்கு) அது வேண்டும்.

வைட்பேண்டை டர்போவுக்கு முன்னால் வைத்தால் சூடும் அழுத்தமும் ரீடிங்கைக் கெடுக்கும். டவுன்பைப்பில் (டர்போவுக்கு அடுத்த எக்ஸாஸ்ட் குழாயில்), டர்போவிலிருந்து 60–90 செ.மீ. தள்ளி எம்18×1.5 பங் (சென்சாரைத் திருகும் மரையுள்ள வளையம்) வெல்டு செய்யுங்கள். குழாயைக் கடிகாரமாக நினைத்தால், சென்சார் 10-க்கும் 2-க்கும் இடையில் மேல்பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். கீழே இருந்தால் குளிர் ஸ்டார்ட்டில் தேங்கும் தண்ணீர் சூடான செராமிக்கை வெடிக்க வைக்கும்.

சென்சாருக்கு முன் கேஸ்கெட் கசிந்தால் லீன் (எரிபொருள் குறைவு) என்று பொய் சொல்லும். சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டருக்குக் கரன்ட் கொடுக்காமல் அதை எக்ஸாஸ்டில் விட்டு ஓட்டினால் கரி படிந்து சீக்கிரமே செத்துவிடும்.