டின் பூசணியா, சந்தைப் பூசணியா?

அடுப்பங்கரைக் கேள்வி – பதில்

கேள்வி: கனடாவில் இருக்கும் நாத்தனார் அனுப்பிய கேக் குறிப்பில் ‘15 அவுன்ஸ் பூசணி டின் ஒன்று’ என்று இருக்கிறது. இங்கே அந்த டின் கிடைக்கவில்லை. பூசணிக்காயை அவித்து மசித்து அதே அளவு போட்டேன். கேக்கின் நடு அமுங்கி, அடிப்பக்கம் களிபோல நின்றுவிட்டது. சாதாரணப் பூசணியில் இந்தக் கேக் வராதா?
– வாசகி, ஹட்டன்

வரும் சகோதரி, நன்றாகவே வரும். உங்கள் பூசணியில் குறை இல்லை. அதிலிருந்த தண்ணீரைத்தான் நீங்கள் வெளியே எடுக்கவில்லை.

முதலில் அளவு. 15 அவுன்ஸ் என்றால் 425 கிராம்; அளவுக் கோப்பையில் ஒன்றே முக்கால். ஒரு கோப்பை மசியலின் எடை 245 கிராம். பூசணியைக் கோப்பையால் அளக்காமல் தராசில் நிறுத்துக்கொள்வதே நல்லது. தண்ணீராய் இருந்தாலும் கெட்டியாய் இருந்தாலும் கோப்பை நிறைந்துவிடும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

டின் பூசணியில் 100 கிராமுக்கு 90 கிராம் தண்ணீர். தண்ணீரில் போட்டு அவித்து வடித்த பூசணியில் ஏறக்குறைய 94 கிராம். நான்கு கிராம்தானே என்று தோன்றும். மிச்சத்தைப் பாருங்கள்: டின்னில் 10 கிராம் சதைப்பற்று, அவித்ததில் 6 கிராம்தான். அப்படியென்றால் ஒரு டின்னுக்கு ஈடாக, அவித்த மசியல் 700 கிராம் எடுத்து 425 கிராமாக வற்ற வைக்க வேண்டும். நீங்கள் 425 கிராமை அப்படியே போட்டதால் பூசணி குறைந்தது, தண்ணீர் கூடியது. தண்ணீர் கூடிய மாவு ஓவனில் பொங்கும். ஆனால் முட்டையும் மாவும் இறுகி அந்தப் பொங்கலைத் தாங்கிப் பிடிப்பதற்குள் காற்றுக் குமிழிகள் உடைந்துவிடும். நடு அமுங்குவதும் அடியில் களி கட்டுவதும் அதனால்தான்.

இனி இப்படிச் செய்து பாருங்கள். முற்றிய பூசணி ஒன்றரைக் கிலோ வாங்குங்கள். தோலும் விதையும் குடலும் போனால் சதை ஒரு கிலோவை ஒட்டி வரும். அதைத் தண்ணீருக்குள் போட்டு அவிக்க வேண்டாம். இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி இட்லிச் சட்டித் தட்டில் வைத்து, கத்தி தடையில்லாமல் இறங்கும்வரை ஆவியில் வேக விடுங்கள். 20 முதல் 25 நிமிடம் பிடிக்கும். ஓவன் இருந்தால் அதைவிட நல்லது: தோலோடு பாதியாகப் பிளந்து, விதையை வழித்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து 200 டிகிரியில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வைத்தால் தண்ணீர் ஆவியாகும், இனிப்பும் கூடும்.

வெந்ததை மூடி வைக்காதீர்கள். பரப்பி, ஆவி அடங்கிய பிறகு மசியுங்கள். நார் இருந்தால் சல்லடையில் தேய்த்து எடுங்கள். பிறகு சுத்தமான மல்துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்க விடுங்கள். வடியும் மஞ்சள் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், சொதிக்கோ பருப்புக்கோ ஆகும். அதற்குப் பிறகும் தளர்வாக இருந்தால் அகன்ற தாச்சியில் எண்ணெய் விடாமல் போட்டு, மெல்லிய தீயில் 10, 15 நிமிடம் கிண்டுங்கள். மரக்கரண்டியால் நடுவே கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி, முழுவதும் ஆறவிட்டு, 425 கிராம் நிறுத்து எடுங்கள். சூட்டோடு மாவில் சேர்த்தால் பட்டர் உருகிப் போகும், பேக்கிங் பவுடரும் ஓவனுக்குப் போகுமுன் வேலையை ஆரம்பித்துவிடும்.

டின்னின் நன்மை ஒன்றுதான்: எந்த டின்னைத் திறந்தாலும் ஒரே பதம். வாசம் என்று பார்த்தால், ஓவனில் சுட்டு வற்ற வைத்த பூசணிக்குப் பக்கத்தில் அது நிற்காது. டின்னுக்குள் மூடி உயர்ந்த சூட்டில் வேகவைப்பதால் நிறமும் மங்கிப் பழுப்படித்திருக்கும்.

கேள்வி: ஞாயிற்றுச் சந்தையில் பூசணியைக் கீற்றுக் கீற்றாக வெட்டி விற்கிறார்கள். எதை எடுப்பது? எங்கள் லயத்துக்குப் பின்னால் படர்ந்திருக்கும் கொடியில் காய்த்ததும் கேக்குக்கு ஆகுமா?
– வாசகி, பண்டாரவளை

வெட்டிய கீற்று வாங்குபவருக்கு ஒரு வசதி உண்டு, உள்ளே பார்த்து வாங்கலாம். சதை ஆழ்ந்த செம்மஞ்சளாக, நெருக்கமாக இருக்க வேண்டும். விதை பருத்து முற்றியிருக்க வேண்டும். விதைக் குழியில் வழவழப்போ புளித்த வாடையோ இருந்தால் வேண்டாம். வெளிர் மஞ்சள் சதையும் சப்பை விதையும் பிஞ்சின் அடையாளம். கறிக்கு நல்லது, கேக்குக்குத் தண்ணீர்தான் மிஞ்சும்.

முழுக்காய் என்றால் நகத்தால் தோலைக் கீறிப் பாருங்கள், நகம் இறங்கக் கூடாது. காம்பு காய்ந்து தக்கைபோல் இருக்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதை எடுங்கள். சந்தையில் கிடைத்தால் சுரைக்குடுவை வடிவிலுள்ள பட்டர்நட்டை விடாதீர்கள். சதை இறுக்கம், நார் குறைவு, வற்ற வைக்கும் வேலை பாதியாகும். அமெரிக்க டின்களுக்காக இலினோய் மாநிலத்தில் பெருமளவில் பயிரிடும் டிக்கின்சன் பூசணியும் பட்டர்நட்டின் இனத்தைச் சேர்ந்ததுதான். வெளிநாட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு, படத்தில் பார்க்கும் பளீரென்ற ஆரஞ்சு நிற உருண்டைப் பூசணியைத் தேடி அலையத் தேவையில்லை. அது பெரும்பாலும் ஹாலோவீன் பண்டிகைக்கு முகம் செதுக்கி வைப்பதற்கானது. சதையில் நாரும் நீரும்தான் அதிகம்.

வீட்டுக் கொடிக் காய் தாராளமாக ஆகும். பறித்த பிறகு காற்றோட்டமான நிழலில் இரண்டு வாரம் வைத்தால் மாப்பண்டம் கொஞ்சம் சீனியாக மாறி இனிப்பு ஏறும். ஒரு எச்சரிக்கை: தானாக முளைத்த கொடியின் காயை வெட்டியதும் பச்சையாக ஒரு சிறு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு வேகவைத்தாலும் சீனி போட்டாலும் போகாது. வயிற்றைக் கடுமையாகப் பாதிக்கும்.

கேள்வி: கண்டியில் அக்கா செய்யும் பூசணிக் கேக் உயர்ந்து நிற்கிறது. அதே அளவுகளில் நுவரெலியாவில் நான் செய்தால் பொங்கி, வெடித்து, இறங்கிவிடுகிறது. பூசணியை நன்றாகவே வற்ற வைக்கிறேன்.
– வாசகி, நுவரெலியா

உங்கள் இடத்தின் உயரம்தான் காரணம். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும்; அதே ஒரு கரண்டி பேக்கிங் பவுடர் அதிகமாக உப்பும். மாவு இறுகுவதற்கு முன்பே கேக் உச்சிக்குப் போய்விடும், பிறகு விழும்.

கண்டிக்குப் பொருந்தும் அளவு: கோதுமை மா 220 கிராம், கெட்டியான மசியல் 245 கிராம், சீனி 180 கிராம், எண்ணெய் 110 மி.லீ., முட்டை 2, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரை, கறுவாத் தூள் ஒன்று, இஞ்சித் தூள் அரை, சாதிக்காய் கால். 9 அங்குல நீளத் தட்டில் 175 டிகிரி, 50 முதல் 60 நிமிடம்.

நுவரெலியாவில் பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டியாகக் குறையுங்கள், அப்பச்சோடாவை அரைக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். சீனி 160 கிராம் போதும். சீனி கூடினால் கேக் இறுகுவது தாமதிக்கும். ஓவனை 185 டிகிரிக்கு ஏற்றி, 45ஆவது நிமிடத்தில் ஈர்க்குக் குத்திப் பாருங்கள். மாவு இறுகலாகத் தெரிந்தால் மட்டும் இரண்டு மேசைக்கரண்டி பால். உயரத்தில் ஈரம் சீக்கிரம் ஆவியாகும் என்பதால் பல குறிப்புகள் கூடுதல் திரவம் சேர்க்கச் சொல்லும். அதை நம்பி வற்றாத மசியலைப் போட்டுவிடாதீர்கள். பாலை அளந்து சேர்க்கலாம், பூசணியில் ஒளிந்திருக்கும் தண்ணீரை அளக்க முடியாது.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்கள் இந்த மாற்றத்தில் பாதியைச் செய்தால் போதும். பதுளை நகரில் எதையும் மாற்றத் தேவையில்லை.

இன்னொன்று. கேக்கின் உள்சூடு 96 டிகிரிக்கு மேல் வந்தால்தான் வெந்தது என்று எழுதியிருப்பார்கள். நுவரெலியாவில் தண்ணீர் கொதிப்பதே 94 டிகிரியில். அந்த எண்ணுக்காகக் காத்திருந்தால் கேக் வறண்டுவிடும். பூசணியை ஆவியில் வேகவைக்கவும் அங்கே ஐந்து, பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள்.

கேள்வி: பூசணி மலிவாக வரும் நாட்களில் மசியல் செய்து, ஜாம்போலப் போத்தலில் அடைத்து, கொதிநீரில் வைத்து எடுத்தால் வீட்டிலேயே ‘டின் பூசணி’ தயாராகிவிடும் அல்லவா?
– வாசகர், தலவாக்கலை

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். ஜாமைக் காப்பது அதிலுள்ள சீனியும் புளிப்பும். பூசணியில் புளிப்பு மிகக் குறைவு. காற்றுப் புகாத போத்தலுக்குள் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. தொழிற்சாலையில் அழுத்தக் கலத்தில் 116 டிகிரிக்கு மேல் ஏற்றித்தான் அழிக்கிறார்கள். தலவாக்கலையில் நம் கொதிநீர் 96 டிகிரியைத்தான் ஒட்டும். வீட்டுப் பிரஷர் குக்கரும் இதற்குப் போதாது. மசியல் கெட்டியாக இருப்பதால் சூடு நடுவரை ஒழுங்காகப் போய்ச் சேராது. நஞ்சு உண்டான போத்தலில் வாடையோ நிறமாற்றமோ தெரியாமலும் இருக்கலாம்.

உறைய வையுங்கள். வற்ற வைத்து ஆறிய மசியலை 245 கிராம் வீதம் பைகளில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் அடுக்கினால் ஆறு மாதம் நன்றாக இருக்கும். எடுக்கும்போது ஃப்ரிஜ்ஜின் கீழ்த் தட்டில் இரவு முழுக்க இளக விடுங்கள். பிரிந்து நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடியும் நிறுங்கள். உறைய வைக்காத மசியலை ஃப்ரிஜ்ஜில் மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த டின் ஒன்று இருக்கிறது. போட்டதும் கேக் தித்திப்புத் தாங்கவில்லை. ஏன்?
– வாசகி, ஹப்புத்தளை

அது ‘பம்ப்கின் பை மிக்ஸ்’ ஆக இருக்கும். சீனியும் கறுவாவும் ஏற்கெனவே கலந்தது. சேர்மானப் பட்டியலில் பூசணி ஒன்றுமட்டும் இருந்தால்தான் அது வெறும் மசியல். மிச்சத்தை டின்னிலேயே வைக்காமல் மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றி, ஃப்ரிஜ்ஜில் வைத்து ஐந்து நாளுக்குள் முடியுங்கள். உப்பிய டின்னைத் திறக்கவே வேண்டாம்.

கேள்வி: பூசணி போட்டுப் பணிஸ் செய்தால் மாவு கையில் ஒட்டுகிறது. மாவைக் கூட்டினால் பணிஸ் கல்லாகிறது.
– வாசகி, மஸ்கெலியா

பாலைக் கடைசியில் சேருங்கள். கோதுமை மா 500 கிராம், மசியல் 245 கிராம், ஈஸ்ட் 7 கிராம், சீனி 60, உப்பு 8, முட்டை ஒன்று. இவற்றை முதலில் பிசைந்து பத்து நிமிடம் மூடி வையுங்கள். மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு தேவையான அளவு மட்டும் பால், ஒரு மேசைக்கரண்டி வீதம். பெரும்பாலும் 50 மி.லீ.க்கு மேல் போகாது. பட்டர் 60 கிராம் அதற்கும் பிறகு. ஒட்டினால் மாவு தூவாமல் இன்னும் ஐந்து நிமிடம் பிசையுங்கள். மஸ்கெலியாக் குளிரில் மாவு பொங்க நேரமாகும். அணைத்த ஓவனுக்குள் ஒரு கிண்ணம் சுடுநீரோடு வைத்து, இரு மடங்கானதும் எடுங்கள். பணிஸை 190 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் வேகவிட்டால் போதும்.